பச்சிளங் குழந்தையை நிறுத்துப் பார்த்த வானநூல் அறிஞர்

குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகிறவர்கள், ஆணா பெண்ணா என்று விசாரித்த கையோடு, எத்தனை கிலோ என்று கேட்கிறார்கள். எத்தனை சென்டிமீட்டர் நீளம் என்று கேட்பாரில்லை. எடையை நீளத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் குழந்தை தாயின் வயிற்றில் சரியாக ஊட்டம் பெற்றதா என்பது விளங்கும். இந்த வழிக்கு அஸ்திவாரம் போட்டவர் வைத்தியர் அல்லர். பெல்ஜியத்து வானநூல் அறிஞர் அடால்ப் கெட்லே.

1796 பிப்ரவரி 22-ஆம் தேதி கென்ட் நகரில் பிறந்தார். ஏழு வயதில் தந்தையை இழந்தார். பத்தொன்பது வயதிலேயே கணக்கு வாத்தியார். 1819-இல் டாக்டர் பட்டம். வானநூல் கற்க 1823-இல் பாரிஸ் சென்றவரை அங்கே நிகழ்தகவுக் கணிதமும் பற்றிக் கொண்டது. ஒரே நட்சத்திரத்தைப் பல தடவை அளந்தால் விடைகள் சற்றே மாறி மாறி வரும். ஆனால் எல்லாம் ஒரு சராசரியைச் சுற்றியே குவியும். அந்தக் கணக்கை அவர் மனிதர்கள்மீது போட்டுப் பார்த்தார்.

1830-இல் பெல்ஜியத்தில் புரட்சி மூண்டபோது, அவர் பாடுபட்டுக் கேட்டு வாங்கிய வானாராய்ச்சி நிலையத்தின் கட்டடம் முடிந்திருக்கவில்லை. அந்த ஆண்டுகளில்தான் மனிதனின் உயரம், எடை பற்றிய ஆராய்ச்சிகளை வெளியிட்டார். பிரஸ்ஸல்ஸ் பிரசவ ஆஸ்பத்திரியில் நூற்றுச் சொச்சம் சிசுக்களை நிறுத்ததில் ஆண் குழந்தைக்குச் சராசரி 3.20 கிலோ, பெண்ணுக்கு 2.91 கிலோ. நீளம் ஏறக்குறைய அரை மீட்டர். பிறந்த குழந்தை மூன்றாம் நாள் வரை சற்று இளைக்கும், முதல் வாரம் கழிந்த பிறகே எடை ஏறத் தொடங்கும் என்றும் கண்டார். பிள்ளை இளைக்கிறதே என்று இன்றும் பதறும் பாட்டிமார்கள் அறிய வேண்டிய செய்தி.

வளர்ந்தவர்களின் எடை, உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிப் போகிறது என்பது 1835-இல் வந்த அவருடைய பெரிய நூலில் உள்ள முடிவு. இதற்குத்தான் 1972-இல் அமெரிக்கரான ஆன்சல் கீஸ் பி.எம்.ஐ. என்ற பெயரைச் சூட்டினார்.

சிசுவுக்கு வர்க்கத்தைவிடக் கனம் பொருந்தும் என்று 1921-இல் ரோரர் என்பவரின் குறியீடு வந்தது. கிராம் எடையை நூறால் பெருக்கி, நீளத்தை மூன்று தடவை பெருக்கி வந்த தொகையால் வகுக்க வேண்டும். 3,200 கிராம், 50 சென்டிமீட்டர் என்றால் 2.56, நல்ல கணக்கு. இரண்டு கிலோவில் இரு குழந்தைகள் என்று வைத்துக் கொள்வோம். 44 சென்டிமீட்டர் உள்ளதற்கு 2.35, அது உருவமே சிறியது. 50 சென்டிமீட்டர் உள்ளதற்கு 1.6, எலும்பு நீண்டும் சதை பிடிக்கவில்லை. கடைசி மாதங்களில் ஊட்டம் குறைந்திருக்கலாம். இரத்தத்தில் சர்க்கரை இறங்காமலும் உடல் குளிராமலும் அதைக் கவனிக்க வேண்டும். தராசு மட்டும் இரண்டையும் ஒன்றாகவே காட்டும். பார்சல் ஆபீசில்கூட நாங்கள் பருமனான, எடையற்ற மூட்டைக்கு அளவெடுக்காமல் விடுவதில்லை.

கெட்லேயிடம் ஒரு குறையும் உண்டு. சராசரி மனிதனையே உத்தம மனிதனாக எண்ணிவிட்டார். சராசரிக்குக் கீழே எப்போதும் பலர் இருந்துதானே தீர வேண்டும்? அவர்களெல்லாம் நோயாளிகளா?

1853-இல் பிரஸ்ஸல்ஸில் முதல் சர்வதேசப் புள்ளிவிவர மாநாட்டைக் கூட்டினார். 1855-இல் பக்கவாதம் தாக்கி நினைவாற்றல் குன்றியது. ஆனாலும் எழுத்தை விடவில்லை. மனித உடல் அளவைகள் பற்றிய பெருநூல் 1870-இல் வெளிவந்தது. 1874 பிப்ரவரி 17-ஆம் தேதி, எழுபத்தெட்டு நிறைய ஐந்து நாள் இருக்கையில், பிரஸ்ஸல்ஸில் காலமானார்.