சமயங்களை ஒப்பிட்டு ஆராய்ந்த மாக்ஸ் முல்லர்

எமது பிள்ளைகள் பலர் கல்லூரியில் உலக சமயங்கள் என்ற பாடத்தைப் பயில்கிறார்கள். பல சமயங்களையும் ஒருங்கே வைத்து ஆராயும் இக்கல்விக்கு வழிகோலியவர்களுள் முக்கியமானவர் பேராசிரியர் மாக்ஸ் முல்லர்.

இவர் 1823ஆம் ஆண்டு ஜேர்மனியின் டெசாவ் நகரிற் பிறந்தார். மூன்று வயதிலேயே தந்தையை இழந்தார். பின்னர் இங்கிலாந்திற் குடியேறி, இருக்கு வேதத்தைச் சாயணர் உரையுடன் 1849 முதல் 1874 வரை ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்தார். அவ்வாறிருந்தும் 1860இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகச் சமஸ்கிருதப் பேராசிரியர் பதவிக்கான வாக்கெடுப்பில் தோல்வியுற்றார். பிறநாட்டவர் என்பதும் அவரது சமயக் கருத்துக்களும் அவருக்கு எதிராக நின்றன.

அவர் மனந்தளரவில்லை. 1870இல் சமயங்களை ஒப்பிட்டாராயும் முறைபற்றி லண்டனில் விரிவுரைகள் நிகழ்த்தினார். 1879இல் அவர் தொடங்கிய கீழைத்தேயப் புனித நூல் வரிசை 1910இல் 50 தொகுதிகளாக நிறைவெய்தியது. இந்திய மண்ணை ஒருமுறையேனும் மிதியாமலே அவர் 1900இல் காலமானார்.

அந்த ஐம்பதில் எமது திருமுறைகளுக்கு இடமில்லை. ஆனால், அதே ஒக்ஸ்போட்டிலிருந்து 1900இல் ஜி. யு. போப் திருவாசகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். பாடநூலிற் சைவத்தைத் தேடும் பிள்ளையின் கையில் அதனைக் கொடுப்பது பெற்றோராகிய எமது கடமையாகும்.