களமும் அவையும்

மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் இருளர் குடும்பங்கள் திரண்டு, மணலில் கன்னியம்மனை வழிபடுவதைக் காணலாம். செங்கல்பட்டு வட்டாரத்தில் வாழும் இம்மக்கள், இந்திய அரசமைப்பின்படி பட்டியல் பழங்குடியினர் ஆவர். இத்தகைய தொல்குடிகளுக்காக அரசியல் நிர்ணய சபையில் ஓங்கி ஒலித்த குரல், ஒரு விளையாட்டு வீரருடையது. அவர் ஜெய்பால் சிங் முண்டா.

இன்றைய ஜார்க்கண்டின் குந்தி அருகே, தக்ரா என்னும் சிற்றூரில், முண்டா பழங்குடியில் 1903ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் அவர் பிறந்தார். ராஞ்சியில் பயின்றபோது அவர்தம் அறிவாற்றலைக் கண்ட பள்ளி முதல்வர், அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஆக்ஸ்போர்டில் பொருளியல் கற்றார். வளைகோல் பந்தாட்டத்திலும் பல்கலைக்கழகத்தின் உயர் சிறப்பைப் பெற்றார்.

இந்தியக் குடிமைப் பணிக்குத் தேர்வாகிப் பயிற்சியில் இருந்த வேளையில், 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் போட்டிக்கான இந்திய அணியின் தலைமை அவரைத் தேடி வந்தது. விடுப்புக் கேட்டார், கிடைக்கவில்லை. அக்காலத்தில் அப்பணிக்கு இருந்த மதிப்பை இன்று கற்பனை செய்வதும் கடினம். ஆயினும் அவர் ஆம்ஸ்டர்டாமுக்கே சென்றார். திரும்பியபின் பயிற்சியை மேலும் ஓராண்டு நீட்டிக்க வேண்டும் எனப் பணிக்கப்பட்டதும், பணியையே துறந்தார்.

அந்த ஒலிம்பிக்கில் இந்தியா ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள் அடித்தது, ஒன்றைக்கூட வாங்கவில்லை. அவற்றுள் 14 தியான்சந்த் அடித்தவை. இறுதி ஆட்டத்தில் ஜெய்பால் சிங் களமிறங்கவில்லை. எனினும், இந்தியா பெற்ற முதல் வளைகோல் பந்தாட்டத் தங்கம் அவர் தலைமையேற்றுச் சென்ற அணியினுடையதே.

1939இல் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். 1946 திசம்பர் 19 அன்று அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, பழங்குடியினருக்கு மக்களாட்சியைக் கற்பிக்க வேண்டியதில்லை, அவர்களிடமிருந்துதான் பிறர் அதைக் கற்க வேண்டும் என்று வாதிட்டார். அவையில் பெண்கள் மிகக் குறைவாக இருப்பதையும் சுட்டிக்காட்டினார். தம் மக்களைக் காட்டுவாசிகள் என்னும் பொருள்படும் சொல்லால் அழைப்பதை மறுத்து, ஆதிவாசி என்ற சொல்லையே வேண்டினார். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. இடஒதுக்கீடு மட்டும் நிலைபெற்றது.

தனி மாநிலம் கோரி அவர் கண்ட ஜார்க்கண்ட் கட்சி, 1952இல் பீகார் சட்டமன்றத்தில் 32 இடங்களை வென்றது. 1963இல் அதனைக் காங்கிரசுடன் இணைத்தார். அம்முடிவு அவருடைய ஆதரவாளர் பலரை வருந்தச் செய்தது, இயக்கமும் வலுவிழந்தது. 1970 மார்ச் 20 அன்று தில்லியில் மறைந்தார். அவர் கனவு கண்ட மாநிலம், முப்பது ஆண்டுகள் கழித்து, 2000 நவம்பர் 15 அன்று பிறந்தது.