தசையின் புலனைக் கண்ட ஷெரிங்டன்

தொப்பூர்க் கணவாய்ச் சரிவில் இருட்டிய பின் பலமுறை இறங்கி நடந்திருக்கிறேன். பாதை கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் கால் தன் அளவை அறிந்தே அடி வைக்கும். உடலின் எடையைத் தாங்கியபடியே தொடைத்தசை நீள்கிறது. எவ்வளவு நீண்டது என மூளைக்குச் சொல்வது யார்? இந்தக் கேள்விதான் என்னைச் சர் சார்லஸ் ஷெரிங்டனின் வாழ்க்கையைத் தேடிப் படிக்கச் செய்தது.

1857-இல் லண்டனில் பிறந்த அவர் கேம்பிரிட்ஜில் பயின்றார். நூல் நூற்கும் கதிர்போல நடு பருத்து முனை மெலிந்த நுண்ணுறுப்புகள் தசைக்குள் இருப்பதை முன்னோர் கண்டிருந்தனர். சிலர் அவற்றை நோயின் அடையாளம் என்றனர். சிலர் வளரும் இளந்தசை என்றனர். ஷெரிங்டன் விலங்குகளின் தண்டுவடத்திலிருந்து புறப்படும் இயக்க நரம்பு வேர்களைத் துண்டித்துப் பார்த்தார். இயக்க இழைகள் அழிந்தன. தசைக்கதிரைச் சுற்றிய தடித்த இழைகளோ அழியவில்லை. அவை உணர்வு நரம்புகளே என்று 1894-இல் நிறுவினார். தசையும் ஒரு புலனே என்பது தெளிவாயிற்று.

1915-இல், போர்க்காலத்தில், இப்பேராசிரியர் தாம் யாரென்று காட்டிக்கொள்ளாமல் பர்மிங்ஹாம் ஆயுதத் தொழிற்சாலையொன்றில் மூன்று மாதம் தொழிலாளியாக உழைத்தார். 1932-இல் அட்ரியனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆனால் ஒரு புதிர் எஞ்சியிருந்தது. 1930-இல் மாணவர் எக்கிள்ஸுடன் இயக்க இழைகளை அளந்தபோது தடித்தவை, மெல்லியவை என இரு திரள்கள் தெரிந்தன. மெல்லியவற்றின் பணி அவருக்குப் பிடிபடவில்லை.

அவரிடம் பயின்ற கிரானிட்டின் ஸ்டாக்ஹோம் ஆய்வகத்தில் லார்ஸ் லெக்செல் 1945-இல் விடை கண்டார். காமா எனப்படும் அம்மெல்லிய இழைகள் தசைக்கதிரின் இரு முனைகளையும் சுருக்கி, நடுப்பகுதியை இழுத்துப் பிடிக்கின்றன. வீணையின் பிருடையைத் திருகித் தந்தியை விறைப்பாக்குவது போன்றது இது. அதே நீட்சிக்கு உணர்வு இழை முன்னிலும் மிகுதியான துடிப்புகளை அனுப்புகிறது. தசை சுருங்கும்போது கதிர் தொய்ந்து ஊமையாகாமல் காப்பதும் இவ்விழைகளே. இவற்றுள் ஒருவகை நீட்சியின் வேகத்தையும், மற்றொருவகை நீளத்தையும் அறிவிக்கத் துணை செய்கின்றன என்பதைப் பீட்டர் மாத்யூஸ் 1962-இல் விளக்கினார்.

அப்போது ஷெரிங்டன் மறைந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. 94 வயது வரை வாழ்ந்து, 1952-இல் அவர் கண்மூடினார். தாம் அளந்தும் அறியமுடியாததை மாணவர் வழிவந்தோருக்கு விட்டுச்சென்றார்.

புலன் என்பது வருவதை வாங்கி வைக்கும் வெறும் பாத்திரமன்று. எவ்வளவு கூர்மையாக உணரவேண்டும் என்பதையும் நரம்பு மண்டலமே ஆணையிடுகிறது. கணவாயில் இருளில் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் இதை நான் நன்றியுடன் நினைத்துக்கொள்கிறேன்.