தொழிலாளரின் மருத்துவர் ராமசீனி

உடல் நலிந்தோர் நலம் நாடிப் பழனி மலைமேலுள்ள கோடைக்கானலுக்குச் செல்லுதல் நெடுநாளைய வழக்கம். அம்மலையிலே, பாம்பார்ச் சோலையை அடுத்து, காய்ச்சலை அளக்கும் உஷ்ணமானிகளைச் செய்யும் தொழிற்சாலை ஒன்று 1980களில் தோன்றி, 2001ஆம் ஆண்டு மூடப்பட்டது. நோயை அளக்கும் கருவியைச் செய்தவர்களே அதிலுள்ள பாதரசத்தால் நோயுற்றனர் என்னும் முறையீடு அங்கே எழுந்தது. அதனைக் கற்குங்கால், இத்தகைய முறையீட்டுக்கு முந்நூறாண்டுகட்கு முன்னரே செவிசாய்த்த பெரியார் ஒருவரின் சரிதம் எம் நினைவுக்கு வருகின்றது.

அவர் பெர்னார்டினோ ராமசீனி. இத்தாலி தேசத்துக் கார்ப்பி நகரில் 1633ஆம் ஆண்டு பிறந்தார். பார்மாவில் மருத்துவம் பயின்று 1659இல் பட்டம் பெற்றார். பின்னர் மோதெனா நகரில் மருத்துவராயும் பல்கலைக்கழக ஆசிரியராயும் விளங்கினார். ஒருநாள் தம் இல்லத்து மலக்குழியைத் துப்புரவு செய்த ஏழை, அளவுக்கு மிஞ்சிய விரைவோடு உழைத்தலைக் கண்டு காரணம் வினவினார். அக்குழியினுள் நெடுநேரம் இருப்பின் கண்ணொளி கெடும் என்பதே விடையாயிற்று. அன்றுமுதல் பட்டறைகளே அவர்க்குப் பாடசாலைகள் ஆயின. நாற்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை ஆராய்ந்து, அவற்றால் விளையும் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டு இலத்தீன் மொழியில் நூலொன்று வெளியிட்டார். மருத்துவன் ஏழையின் இல்லத்தில் முக்காலியாயினும் அமைந்தது அதில் அமர்ந்து, அவன் செய்யும் தொழில் யாதெனக் கேட்டல் வேண்டும் என்பது அவர் போதனை.

வெனிஸ் நகரையடுத்த மூரானோவில் கண்ணாடிக்குப் பாதரசம் பூசுவோர் வாத நோயுற்று வருந்துதலை அவர் எழுதினார். தாம் செய்த கண்ணாடியிலேயே தம் துன்பத்தைக் காணும் அவர்நிலை எத்துணைப் பரிதாபமானது! ஓவியர் பலர் உடல் வெளுத்து, மனஞ்சோர்ந்து வாடுதற்கு, அவர்கள் ஓயாது முகரும் வண்ணங்களும் மெருகெண்ணெய்களுமே காரணமெனக் கருதினார்.

அவர் ஐயுற்றவற்றிற் பலவற்றின் உண்மையைப் பிற்கால விஞ்ஞானம் விளக்கியுள்ளது. பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே கண்ணுக்குப் புலனாகா ஆவியாய் எழும். நுரையீரல் வழியே குருதியிற் கலந்து மூளையுட் புகுந்து தங்கும். கை நடுங்கும், உறக்கம் கெடும், நினைவு தளரும், பொறுமையுடையாரும் எளிதிற் சினங்கொள்வர். வண்ணத்தைக் கரைக்கும் திரவங்களின் ஆவியும் அத்தன்மைத்தே. அது கொழுப்பிற் கரைவது. மூளையோ கொழுப்பு மிக்க உறுப்பு. பல்லாண்டு வண்ணம் பூசியவரிடத்து மறதியும் மனத்தளர்ச்சியும் மிகுதலை, ஸ்காந்திநாவிய ஆராய்ச்சியாளர் 1970களில் எடுத்துக்காட்டினர்.

இத்தகைய கேடு ஒருநாளில் வெளிப்படுவதன்று. ஆதலின் அது முதுமையென்றும் குடியென்றும் குணக்கேடென்றும் எளிதிற் பழிக்கப்படும். கோடைக்கானல் முறையீட்டை அத்தொழிற்சாலையை நடத்திய நிறுவனம் மறுத்தது, வழக்கு நீண்டது, 2016ஆம் ஆண்டிலேயே முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது. வேலை செய்த நாளிலேயே தொழில் யாதெனக் கேட்டு, ஆண்டுதோறும் அவர் உடல்நிலையைக் குறித்துவைத்தல் எத்துணை இன்றியமையாதது என்பது இதனாற் புலனாகும்.

ராமசீனி தம் இறுதி நாட்களைப் பதுவா நகரில் ஆசிரியராகவே கழித்தார். பார்வை மங்கிய பின்னரும் கற்பித்தலை விட்டாரல்லர். நூலை விரித்து 1713இல் மீண்டும் வெளியிட்டு, மறு ஆண்டு மறைந்தார். பிணியாளரைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவரைப் பின்பற்றும் நம்மிற் சிலர் நாளை மருத்துவராவோம், சிலர் தொழிற்சாலைகளை நடத்துவோம். எவராயினும் அப்பெரியாரின் அவ்வொரு கேள்வியை மறவாதிருப்போமாக.