டாக்டர் ஜேம்ஸ் கஸின்ஸ்

பிறந்த நாட்டை விட்டுப் பிற நாடு சென்று, தாம் கற்றதைப் பிறர்க்குக் கற்பித்து வாழ்ந்த பெரியோர் சரித்திரம் நமக்குப் புதிதன்று. நம் கலாசாலைகளை நிறுவியவர்களே கடல் கடந்து வந்தவர்கள்தாம். ஆயின் அன்னார் பெரும்பாலும் தம் வாழ்நாளை ஓரிடத்திற்கே ஒப்படைத்தவர்கள். சில திங்களுக்கெனவே அழைக்கப்பட்டுச் சென்று, அச்சில திங்களின் பயனைத் தம் வாழ்நாள் முழுவதும் பிறர்க்கு வழங்கியவர் மிகச் சிலரே. அத்தகையோருள் ஒருவர் அயர்லாந்தில் பிறந்து, அடையாற்றைத் தம் இல்லமாகக் கொண்டு, ஜப்பானிலே ஆங்கிலம் கற்பித்து மீண்ட கவிஞர் ஜேம்ஸ் ஹென்றி கஸின்ஸ் ஆவர்.

இவர் சரித்திரத்தை ஈண்டு எழுதப் புகுந்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலையும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் ஒரகடம். ஏரியும் வயலுமாய்க் கிடந்த அந்நிலப்பரப்பிலே இன்று தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு முதல் கொரிய நாட்டுக் கம்பெனி கார்களைச் செய்து வருகின்றது. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஜப்பானியக் கம்பெனிகள் இயந்திரங்களையும் மோட்டார் சைக்கிள்களையும் செய்கின்றன. அந்நாட்டார் நம் நாட்டிற்கு வர, நம் தோழர்களோ அந்நாட்டு மொழியைப் பயில்கின்றனர். ஆங்கிலம் கற்ற சிலர் அயல்நாட்டுப் பல்கலைக் கழகங்களில் ஓராண்டேனும் ஆசிரியராய் இருக்க இடம் கிடைக்குமோ என்று தேடுகின்றனர். இவ்வாறு தேடுவோர் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழுவது இயல்பு. அவ்வேலைக்குத் தகுதியுடையார் யாவர்? ஓராண்டிற்குள் ஒருவர் ஆற்றக்கூடிய பணிதான் யாது? இவ்விரு வினாக்களுக்கும் கஸின்ஸ் வாழ்க்கை தக்க விடை தருகின்றது.

அவர் 1873-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள் பெல்பாஸ்ட் நகரில், மெதடிஸ்ட் சபையைச் சார்ந்த எளிய குடும்பத்திற் பிறந்தார். வறுமையால் இளமையிலேயே பள்ளிப் படிப்பு நின்றது. பல்கலைக் கழகத்தில் கற்றுப் பட்டம் பெற்றவரல்லர். குமாஸ்தா வேலையில் அமர்ந்து, பின்னர் அந்நகர மேயரின் அந்தரங்கக் காரியதரிசியானார். பகலில் பிறர் கடிதங்களை எழுதியவர் ஓய்வு வேளையில் தம் கவிதைகளை எழுதினார். 1897-இல் டப்ளின் நகரஞ் சேர்ந்தார்.

அக்காலத்து டப்ளினில் ஐரிஷ் மக்களின் இலக்கிய மறுமலர்ச்சி தோன்றியிருந்தது. யேட்ஸ், ரஸ்ஸல் முதலிய கவிஞர்கள் தம் நாட்டுப் பழங்கதைகளைப் புதுக்கி நாடகமும் செய்யுளும் இயற்றினர். கஸின்ஸும் அவர்களோடு கலந்து, 1902-இல் தம் நாடகங்கள் மேடையேறக் கண்டார். ஆயினும் யேட்ஸுக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு உண்டாயிற்று. நாடக அரங்கு அவருக்கு நிலையான இடமாக அமையவில்லை. 1904-இல் தங்குதற்கு இடமின்றித் திரிந்த இளைஞர் ஜேம்ஸ் ஜாய்ஸுக்குச் சில நாள் தம் வீட்டில் இடங்கொடுத்தார். அவ்விளைஞரே பிற்காலத்தில் உலகப் புகழ் எய்தி, கஸின்ஸ் முதலியோரை எள்ளிச் செய்யுளும் எழுதினார். உதவியவரை உலகம் மறத்தலும், எள்ளியவரைப் போற்றுதலும் இலக்கிய வரலாற்றில் அரிய நிகழ்ச்சிகளல்ல.

1903-இல் அவர் மார்கரெட் கில்லெஸ்பி என்னும் அம்மையாரை மணந்தார். இசையிற் பட்டம் பெற்ற அவ்வம்மையார் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடி லண்டனிலும் அயர்லாந்திலும் சிறை புகுந்தவர். கணவர் மனைவியின் போராட்டத்தைத் தம் போராட்டமாகவே கொண்டு, 1912-இல் தோழர் ஒருவருடன் கூடி அதற்கெனப் பத்திரிகை ஒன்று தொடங்கினார். குடும்பம் நடத்தற்கோ டப்ளின் பள்ளியொன்றில் ஆங்கிலம் முதலிய பாடங்களைக் கற்பித்து வந்தார். பட்டமில்லாத இவ்வாசிரியர் கற்பித்தற் கலையைக் கற்றது அப்பள்ளி வகுப்புகளிலேயாம்.

ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். ஆங்கிலம் கஸின்ஸின் தாய்மொழியேயாயினும், அவர் நாட்டின் மூதாதையர் மொழியன்று. அயர்லாந்தின் பழைய மொழி ஆட்சியின் கொடுமையாலும் பஞ்சத்தாலும் அருகிப் போயிற்று. அவ்விழப்பை உணர்ந்த தலைமுறையில் வளர்ந்தவர் அவர். ஆதலின் ஆங்கிலத்தைக் கற்பித்தபோதும், அம்மொழி ஒன்றே உலகின் அறிவனைத்தையும் தாங்கி நிற்பதென்று அவர் ஒருபோதும் எண்ணினாரல்லர். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு கற்கும் நாம் இவரை நெருங்கிய உறவினர்போல் மதிப்பதற்கு இதுவே காரணம்.

1913-இல் தம்பதிகள் லிவர்பூலுக்குச் சென்றனர். அங்கே சைவ உணவுப் பண்டம் செய்யும் கம்பெனியொன்றில் கஸின்ஸ் வேலை பார்த்தார். 1915-இல் அன்னி பெஸன்ட் அம்மையாரின் அழைப்பை ஏற்றுச் சென்னை வந்து, நியூ இந்தியா பத்திரிகையில் இலக்கியப் பகுதியைக் கவனிக்கும் துணையாசிரியரானார். மறு ஆண்டு ஈஸ்டர் வாரத்தில் டப்ளினில் விடுதலைக் கிளர்ச்சி மூண்டது. அதனைப் புகழ்ந்து ஒரு கட்டுரை பத்திரிகையில் வெளியாகவே, அரசாங்கத்தின் சினத்திற்கு அஞ்ச வேண்டிய நிலையிலிருந்த பெஸன்ட் அம்மையார் அவரை அவ்வேலையினின்றும் விலக்க வேண்டியதாயிற்று. ஆயின் கைவிட்டாரல்லர். அந்நாளில் சென்னை மாகாணத்தில் இருந்ததும் இந்நாளில் ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளதுமாகிய மதனப்பள்ளியில் பிரம்மஞான சபையார் நடத்திய கலாசாலைக்கு அவரை அனுப்பினார். அங்கே கஸின்ஸ் ஆங்கிலம் கற்பித்துப் பின்னர் முதல்வருமானார். ஒரு கதவு மூடப்பட்டதனாலேயே அவர் மீண்டும் வகுப்பறையை அடைந்தார்.

1917-இல் அவர் எழுதிய ஆங்கிலக் கவிதை ஆராய்ச்சி நூலொன்று சென்னையில் வெளிவந்தது. புதுச்சேரியிலிருந்த அரவிந்தர் அதனைப் படித்து மதிப்புரை எழுதத் தொடங்க, அம்மதிப்புரையே வளர்ந்து வருங்காலக் கவிதையைப் பற்றிய பெரு நூலாயிற்று. 1919 பிப்ரவரியில் ரவீந்திரநாத் தாகூர் மதனப்பள்ளியில் கஸின்ஸ் தம்பதிகளின் விருந்தினராய்த் தங்கினார். இன்று நாட்டுப் பண்ணாக விளங்கும் ஜன கண மன பாடலைக் கவிஞர் அங்கே பாடிக் காட்டி, அதனை ஆங்கிலத்திலும் பெயர்த்தார். அதன் இசையைக் குறித்து வைத்தவர் மார்கரெட் அம்மையார்.

அவ்வாண்டிலேயே டோக்கியோ நகரிலுள்ள கெய்யோ கலாசாலையில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் பொருட்டுக் கஸின்ஸ் ஜப்பானுக்குப் பயணமானார்.

ஜப்பானியர் அயல்நாட்டு ஆசிரியரைக் குறிப்பிட்ட காலத்திற்கென ஒப்பந்தஞ் செய்து அழைக்கும் வழக்கம் முன்னமே வேரூன்றியிருந்தது. 1876-இல் அமெரிக்கரான வில்லியம் கிளார்க் என்பார் ஸப்போரோ விவசாயக் கலாசாலைக்கு அழைக்கப்பட்டார். அவர் அங்கிருந்தது ஏறத்தாழ எட்டுத் திங்களே. அதற்குள் முதல் வகுப்பு மாணவர்கள் அவர்பாற் கற்ற வேதாகமத்தால் கிறிஸ்தவ உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். அடுத்த வகுப்பில் வந்து சேர்ந்த உச்சிமுரா கான்ஸோ கிளார்க்கை ஆசிரியராய்ப் பெற்றவரல்லர். ஆயினும் மூத்த மாணவர் வாயிலாக அந்நெறியை அடைந்து ஜப்பானியக் கிறிஸ்தவரின் தலைவருள் ஒருவரானார். ஆசிரியர் சென்ற பின்னும் கல்வி செல்லும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஒப்பந்த ஆசிரியரின் துன்பத்திற்கும் அந்நாட்டிலேயே சான்றுண்டு. ஐரிஷ் தந்தைக்கும் கிரேக்கத் தாய்க்கும் பிறந்த லாஃப்காடியோ ஹெர்ன், கஸின்ஸைப் போலவே பட்டம் பெறாதவர். 1890-இல் மாட்ஸுயே நகரப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கி, 1896-இல் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக் கழகத்தை அடைந்தார். ஜப்பானியக் குடியுரிமையும் பெற்றார். மாணவர் அவரைப் பெரிதும் நேசித்தனர். எனினும் 1903-இல் அவர் அங்கிருந்து விலக நேர்ந்தது. அவ்விடத்தில் அமர்ந்தோருள் ஒருவர் லண்டனில் கற்று மீண்ட நட்ஸுமே ஸோஸெகி ஆவர். தம் நாட்டார் கற்றுத் திரும்பும் வரையிலுமே அயலாரை வைத்துக்கொள்வது அரசாங்கத்தின் நோக்கம். அந்நோக்கத்தைக் குறை கூறல் இயலாது. ஆயினும் வாழ்வையே அவ்வேலையில் நாட்டியவர்க்கு அது பேரிடியன்றோ?

கஸின்ஸ் சென்ற கெய்யோவோ அரசாங்கத்தின் நிலையமன்று. புக்குசாவா யுக்கிச்சி என்னும் அறிஞர் 1858-இல் டச்சு மொழி கற்பிக்கத் தொடங்கிய சிறு பள்ளியே அதன் வித்து. மறு ஆண்டு யோக்கோஹாமா துறைமுகத்திற்குச் சென்ற அவர், அங்கு வழங்கிய மொழி ஆங்கிலமே என்று கண்டு, வருந்திக் கற்ற டச்சைக் கைவிட்டு, முதலிலிருந்து ஆங்கிலம் பயின்றார். அப்பள்ளி வளர்ந்து 1920-இல் அந்நாட்டுச் சட்டப்படி பல்கலைக் கழகமாக அங்கீகாரம் பெற்றது. ஆங்கிலத்திலேயே கவிதை புனைந்த யோனே நோகுச்சி அங்கே ஆசிரியராயிருந்தார். நோகுச்சியின் பெயர் தமிழர்க்கு அந்நியமன்று. ஜப்பானியக் கவிதையின் சொற்சுருக்கத்தை வியந்து பாரதியார் 1916-இல் சுதேசமித்திரனில் எழுதிய கட்டுரைக்கு அவருடைய எழுத்தே தூண்டுகோலாய் இருந்தது.

1920-இல் கஸின்ஸ் இந்தியா திரும்பினார். ஆங்கிலேயருக்கு அடங்கிய நாட்டிற் பிறந்து, அடங்கிய மற்றொரு நாட்டில் வாழ்ந்தவர், எவர்க்கும் அடங்காத கீழ்நாடொன்றில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். அந்நாட்டு மக்கள் பிற மொழியைக் கற்றும் தம் கலையை இகழாதிருந்ததை அவர் கண்டார். கண்டவற்றை நூலாக எழுதி 1923-இல் சென்னையிலேயே வெளியிட்டார். பள்ளிப் படிப்பையும் நிறைவு செய்ய இயலாத அவருக்குக் கெய்யோ இலக்கியத்தில் டாக்டர் பட்டம் அளித்தது. அன்று முதல் அவர் டாக்டர் கஸின்ஸ் என்றே வழங்கப்பட்டார்.

ஜப்பானிலிருந்து மீண்ட பின் அவர் செய்த பணிகளை நோக்குவார்க்கு அவ்வோராண்டின் பயன் புலனாகும். 1922-இல் அடையாற்றில் பல நாட்டுக் கலைகளையும் ஒருங்கே கற்பிக்கும் பிரம்மவித்யாசிரமத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றார். 1924-இல் மைசூர் ஜகன்மோகன் அரண்மனைச் சித்திரசாலை அமைவதற்குத் துணை நின்றார். திருவாங்கூர் அரசின் கலை ஆலோசகராகி, 1935-இல் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திராலயம் திறக்கப்படுவதற்கு உழைத்தார். இந்தியச் சித்திரங்களோடு சீன ஜப்பானியச் சித்திரங்களையும் நம் மக்கள் காணச் செய்தது அவர் முயற்சியே. நியூயார்க் நகரிலும் ஓராண்டு சென்று கற்பித்தார். கற்கும் மாணவன் தன் நாட்டுக் கலையில் வேரூன்றி நின்றே பிற நாட்டுக் கல்வியைப் பெறல் வேண்டும் என்பதை அவர் யாண்டும் வற்புறுத்தினார்.

மார்கரெட் அம்மையாரும் வாளா இருந்தாரல்லர். 1917-இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் மூலகர்த்தருள் ஒருவர் அவர். இந்தியாவின் முதற்பெண் மாஜிஸ்திரேட்டும் அவரே. பேச்சுரிமையை ஒடுக்கிய அவசரச் சட்டங்களை எதிர்த்து 1932-இல் வேலூர்ச் சிறை புகுந்தார். 1944-இல் வாத நோயால் தளர்ந்து, 1954-இல் காலமானார். கஸின்ஸ் 1956-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20-ஆம் நாள், தாம் நெடுங்காலம் கற்பித்த மதனப்பள்ளியிலேயே உயிர் நீத்தார்.

அவர் சமயக் கொள்கைகளை நாம் உடன்படாதிருக்கலாம். அவர் கவிதைகளை இன்று படிப்பாரும் அரியர். எனினும் முன்னர்க் கூறிய இரு வினாக்களுக்கும் அவர் வாழ்க்கை விடையளிக்கத் தவறவில்லை. இக்காலத்துப் பல்கலைக் கழகங்கள் பெரும்பாலும் முதுகலைப் பட்டம் கேட்கின்றன. அதனை நாம் பெறத்தான் வேண்டும். ஆயின் பட்டம் வாயிற்கதவைத் திறக்குமேயன்றி, உள்ளே சென்றவன் கொடுப்பதற்குரிய பொருளைத் தாராது. கஸின்ஸ் கொடுத்த பொருள் அவர் பல்லாண்டு தாமே தேடிக்கொண்டது. ஓராண்டு வேலையை ஊதியத்திற்கென மட்டுங் கொண்டவன் ஆண்டு முடிவில் வெறுங்கையனாகிறான். கொள்ளவும் கொடுக்கவும் கருதிச் சென்றவனோ, தான் திரும்பி வரும் ஊருக்கும் செல்வம் கொணர்கிறான்.

உடையவர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரின் சாலைகளில் இன்று பல நாட்டு மொழிகள் ஒலிக்கின்றன. அம்மொழிகளைக் கற்பதும், ஆங்கிலத்தைப் பிறர்க்குக் கற்பிக்கக் கடல் கடப்பதும் நம் இளைஞர்க்கு நன்றே. செல்வோர் தமிழையும் உடன்கொண்டு செல்க. தம் மொழியை அறியாதான் பிற மொழியைக் கற்பிக்கச் செல்வானாயின், அவன்பால் அந்நாட்டார் பெறுதற்குரியது சிறிதே. நண்பர்காள்! ஒப்பந்தத்தின் காலம் பிறர் வகுப்பது. அக்காலத்தின் பயன் நம் கையதே.