எக்ஸ்-கதிர்ப் படத்திற்கு முன் நகைகளைக் கழற்றுவது ஏன்?
வில்ஹெல்ம் ராண்ட்ஜன் 1845-இல் ஜெர்மனியில் பிறந்தார். வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தபோது, 1895 நவம்பர் 8 அன்று எக்ஸ்-கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த மாதம் தம் மனைவி பெர்த்தாவின் கையைப் படமெடுத்தார். எலும்புகளோடு விரலிலிருந்த மோதிரமும் கரிய வளையமாகப் பதிந்து, அவ்விடத்து எலும்பை மறைத்தது. உலோகம் இக்கதிர்களைத் தடுக்கும். சங்கிலி, வளையல், கொண்டை ஊசி ஆகியவற்றைக் கழற்றிவிடுமாறு இன்றும் கூறுவது இதனாலேயே. தாலியைக் கழற்றத் தயங்குவோர், மார்புப் படமெடுக்கும் நாளில் வெறும் மஞ்சள் கயிறு அணிந்து வரலாம்.

இக்கதிர்களால் தீங்கும் நேரலாம் என்பதை அன்று எவரும் அறியவில்லை. கருவுற்றிருப்பவரும், அவ்வாறு ஐயம் உள்ளவரும் முன்னதாகவே தெரிவித்தல் கட்டாயம்.

ராண்ட்ஜன் தம் கண்டுபிடிப்பிற்குக் காப்புரிமை பெறவில்லை. 1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசைப் பெற்று, அத்தொகையைத் தம் பல்கலைக்கழகத்திற்கே அளித்தார், 1923-இல் மறைந்தார்.