போட்டோவில் ஒரே மாதிரி இருக்கும் 3 குருவிகள்: காதால் பிரித்துக் காட்டிய கில்பர்ட் ஒயிட்

இங்கிலாந்துக்கு வசந்தத்தில் வரும் மூன்று கதிர்க்குருவிகளை ஜூம் பண்ணிப் பார்த்தாலும் குழப்பம்தான். மூன்றுமே பழுப்பும் பச்சையும் கலந்த சின்ன உருவம். கேமரா இல்லாத காலத்திலேயே இவை வேறு வேறு இனம் என்று சொன்னவர் கில்பர்ட் ஒயிட்.

1720-ல் செல்போர்ன் கிராமத்தில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், பாதிரியாராகி ஊரோடு இருந்துவிட்டார். அன்று பறவையைச் சுட்டு, கையில் வைத்துத்தான் ஆராய்வார்கள். ஒயிட் அதோடு நிற்கவில்லை. அது எப்படிப் பாடுகிறது என்றும் கேட்டார்.

சிஃப்சாஃப், தன் பெயரையே இரண்டு சுரத்தில் திரும்பத் திரும்பச் சொல்லும். கால் கறுப்பு. வில்லோ வார்ப்ளரின் பாட்டு மேலிருந்து கீழே இறங்கும். வுட் வார்ப்ளர், பீச் மர உச்சியில் வெட்டுக்கிளி போலச் 'சிர்ர்' என்று ஒலிக்கும். இந்த மூன்று இனங்களைப் பற்றி 1768-ல் தாமஸ் பெனன்ட்டுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்கள் 1789-ல் புத்தகமாயின. 1793-ல் காலமானார்.

இன்று வுட் வார்ப்ளர் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. மூன்றையும் ஒன்றாகவே எண்ணியிருந்தால், அது குறைவதே தெரிந்திருக்காது.

அடுத்த முறை குருவியைப் படம் எடுக்கும்போது, கால் தெரிகிற மாதிரி எடுங்க. பத்து விநாடி குரலையும் ரெக்கார்ட் பண்ணிக்கோங்க.